நடந்தே போகிற தூரம்

மதியச் சாப்பாட்டு நேரத்தில், கண்ணாடிக்கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை அணைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, அவள் போன் வரைபடத்தில் அந்தத் தெருவுக்குள் மறுபடி நுழைந்தாள். கொஞ்ச நாளாக இதுதான் நடக்கிறது. டப்பாவில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். அவள் விரலால் நடந்துகொண்டிருப்பாள். ரயிலை விட்டு இறங்கி மேம்பாலத்தைக் கடந்தால் பழைய பகுதி. அங்கே வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. ரொட்டிக்கடை, அதைத் தாண்டிக் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கடை, பழைய புத்தகங்களை வாசல்வரை அடுக்கியிருக்கும் ஒரு கடை, வாய்க்கால், அதன்மேல் ஒரு குட்டிப் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் மரங்கள் சூழ்ந்த சதுக்கம். எல்லாமே நடந்தே போகிற தூரம். எதற்கும் அவசரப்பட வேண்டாம், எதற்கும் டிக்கெட் வாங்க வேண்டாம். படத்தைப் பெரிதாக்கினால் சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு பெஞ்சு தெரிந்தது. யாரோ எப்போதோ எடுத்த படம். அதில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அந்தப் பெஞ்சில் வைத்துத்தான் கணவனிடம் சொல்வது என்று முடிவு செய்திருந்தாள்.

சொல்ல வேண்டிய விஷயம் இதுதான். முதலாளியம்மா வேறு ஊரில் ஒரு கிளை திறக்கிறாள். அங்கே பட்டறையை எடுத்து நடத்த ஆள் வேண்டும். புதுப் பெண்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்து, எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வரும்வரை இரண்டு வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். தங்க இடம் உண்டு. "முதல்ல உன்னைத்தான் கேக்கறேன். வீட்ல பேசிட்டுத் திங்கக்கிழமை சொல்லு. நீ மாட்டேன்னா முன்னாடி கவுண்டர்ல உக்காந்திருக்கிறவ இப்பவே பெட்டி கட்டத் தயார்," என்று சொல்லியிருந்தாள். இத்தனை காலம் பின்னறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஊராரின் கண்களுக்கு லென்ஸ் பொருத்தியவளை ஒருவர் கூப்பிட்டுப் பொறுப்பைக் கொடுக்கிறார் என்றால், அந்தச் சந்தோஷம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. ஆனால் போக வேண்டுமா என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். "போகாதே" என்று அவன் சொல்ல வேண்டும். அல்லது "போ, நானும் வரேன்" என்று சொல்ல வேண்டும். "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அங்கே பேச்சு என்பது ரொம்பச் சிக்கனமாகிவிட்டது. பால் இருக்கா, கதவைப் பூட்டியாச்சா, தண்ணி வருதா. சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை, நாலு வார்த்தை அதிகம் பேசவாவது வேண்டியிருக்கும். அவன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிப் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் 'மேலகீழ மாமா'. எங்காவது யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டால் போன் அடிக்கும்; அவன் செருப்பை மாட்டுவதற்குள் வாசலில் இருப்பான். மகள் இருந்தவரை அவன் திரும்பி வருகிற நேரத்துக்கு வீட்டில் ஒரு கலகலப்பு இருந்தது. இப்போது தன் முறை இல்லாத நாளிலும் போகிறான். வரும்போது அவள் தூங்கியிருப்பாள். அல்லது தூங்குவதுபோல் படுத்திருப்பாள். அவளுடைய தொழிலில் லென்ஸின் நடுப்புள்ளி கண்ணின் நடுவில் உட்கார வேண்டும். ஒரு மயிரிழை தள்ளினாலும் போட்டவருக்குத் தலைவலிதான். பேச்சுக்கும் அப்படி ஓர் இடம் உண்டு, அதைச் சரியான இடத்தில் வைக்காவிட்டால் வினையாகிவிடும் என்று அவள் நம்பினாள். சமையலறை அந்த இடம் இல்லை. அதனால்தான் அந்தப் பெஞ்சைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"அம்மா, ரெண்டு நாள் முழுசா அப்பாவை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" என்று மகள் போனில் சிரித்தாள்.

"நடக்கப் போறேன்."

"எங்க?"

"எங்கயுமில்ல. சும்மா."

"அப்பா சும்மா நடந்து நான் பாத்ததே இல்லையே."

"அதான் நான் பாக்கப் போறேன்."

அவனிடம் கேட்டபோது மறுப்பான் என்று எதிர்பார்த்து, அதற்கான பதில்களையெல்லாம் தயாராக வைத்திருந்தாள். அவனோ செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "போலாமே," என்றான். அவ்வளவு சுலபமாக வந்த சம்மதம் அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: போனை அணைத்துவிட வேண்டும். அதற்கும் தலையாட்டினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியில் துணிகளை அடுக்கும்போது, அவனுடைய சட்டைகளுக்கு அடியில் சின்னத் தோல்பை ஒன்று இருந்தது. திறந்து பார்க்கத் தேவையில்லை. திருப்புளியும் ஸ்பேனரும் டார்ச்சும்.

"இது எதுக்குங்க?"

"இருக்கட்டும். பல்லு வெளக்குற பிரஷ் மாதிரிதான் அது. எடுத்து வச்சே பழகிடுச்சு."

எடுத்து வெளியே வைத்திருக்கலாம். கை அதன்மேல்தான் இருந்தது. ஆனால் அவன் அப்படி ஒரு வேடிக்கைப் பேச்சுப் பேசியே ரொம்ப நாளாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் பையை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டாள். பிறகு பல தடவை அவளுக்கு இந்த இடம் ஞாபகம் வரப்போகிறது.

ரயிலில் ஜன்னலோரம் அவளுக்குக் கொடுத்தான். ஏறியதுமே அவள் கண்ணெதிரில் போனை அணைத்து, "பாத்துக்க," என்று காட்டிப் பெட்டிக்குள் போட்டான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அந்த இரண்டு நாளும் அதை அவன் எடுக்கவே இல்லை. கொடுத்த வாக்கை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினான். போனை அணைத்துவிட்டால் லிஃப்ட் கூப்பிடாது என்று நம்பியது அவளுடைய தப்புதான்.

விடுதி அவள் படத்தில் பார்த்தது மாதிரியே இருந்தது. ஒடுங்கலான நாலு மாடிக் கட்டடம், ஜன்னல்களில் பச்சை வண்ணம். கவனித்துக்கொள்ளும் அம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து சாவியைக் கொடுத்தாள். மூட்டுவலிக்காரி என்று எழுந்த விதத்திலேயே தெரிந்தது. அவள் போட்டிருந்த கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததை இவள் கவனித்தாள், கையெல்லாம் துறுதுறுத்தது, ஆனால் நான் இன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளால் அது முடிந்தது. லிஃப்டுக்குள் ஏறும்போது கதவு அவளுடைய கைப்பையை நெருக்கிப் பிடித்தது. அவன் கதவைத் தள்ளிப் பையை விடுவித்தான். லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் ஒரு குலுக்கு குலுக்கி அப்படியே நின்றது. விளக்கு மங்கியது. மூச்சை இழுத்துவிடுகிற நேரம் ஆனது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி ஏறியது. அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ கேட்டுக்கொண்டிருந்தான். அந்த முகம் அவளுக்குத் தெரியும். மகள் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் படுத்திருந்தால், அவள் நெஞ்சில் காதை வைத்து அப்படித்தான் கேட்பான்.

அறையில் இரண்டு நாற்காலிகள் ஜன்னலைப் பார்த்துக் கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே கூரைகளும், கூரைகளுக்கு நடுவில் ஒரு துண்டு வாய்க்காலும் தெரிந்தன. அவன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான், எழுந்தான், கீழே போய்த் தண்ணீர் வாங்கி வந்து குடித்தான்.

"மூணாவது மாடிக் கதவுப் பூட்டுல உருளை நகர்ந்திருக்கும்னு நெனைக்கிறேன். லிஃப்ட் தாண்டுறப்ப உரசுது. உரசினா, கதவு தொறந்திருக்குன்னு நெனைச்சு நின்னுடும்."

"ம்."

"இப்பக் கொஞ்சமா உரசுது. நாளைக்கு நின்னா நின்னதுதான்."

"அவங்க மெக்கானிக் இருப்பாங்கல்ல?"

"கீழ கேட்டேன். சொல்லி வாரமாகுதாம், ஆளே வரலையாம். போன வாரம் ஒரு கைக்குழந்தைக்காரி உள்ள மாட்டிக்கிட்டாளாம். கதவு வேற கைய நெருக்குது, பாத்தல்ல?"

அவள் தலையில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவன் அவளைப் பார்த்துக் கேட்டான், உண்மையாகவே கேட்டான். அதுதான் பின்னால் அவளை அறுத்தது.

"ஒரு அரை மணி நேரம் போய்ப் பாத்துட்டு வரவா? வேணாம்னா சொல்லு, போகல."

வேண்டாம் என்ற சொல் அவள் நாக்கில்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை அவள் பயன்படுத்தியே பல காலமாகியிருந்தது. நடுச்சாப்பாட்டில் போன் வந்தாலும், மகளுடைய பள்ளிக்கூட விழாவின் பாதியில் வந்தாலும், அவன் இதே மாதிரி திரும்பிப் பார்ப்பான்; அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள். பழகிய வாய் அதையே சொன்னது.

"போங்க. நான் குளிச்சு ரெடியாகறேன்."

அவன் தோல்பையை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது அவன் நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

குளித்துவிட்டு, எடுத்து வந்ததிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாடிப்படியில் சுத்தியல் தட்டுகிற சத்தமும், அவன் குரலும், அந்த அம்மாளின் சிரிப்பும் மாறி மாறிக் கேட்டன. அரை மணி நேரம் என்பது மெக்கானிக்குகளின் கணக்கில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமலா இத்தனை காலம் குடும்பம் நடத்தினாள்? வெளியே வெயில் கூரைகளின் மேலேறிக்கொண்டிருந்தது. கடைசியில் படியிறங்கினாள். மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடக்க, உள்ளிருந்து அவன் கால்கள் மட்டும் தெரிந்தன.

"நான் சும்மா ஒரு எட்டு வெளிய போய்ட்டு வரேன்."

"வந்துட்டேன், வந்துட்டேன். உருளை தேஞ்சே போயிருக்கு. மேல மெஷின் ரூம்ல பழசு ஏதாவது கெடக்கான்னு பாக்கணும். நீ முன்னாடி போ, வந்து சேர்ந்துக்கறேன்."

எங்கே வந்து சேர்ந்துகொள்வது என்று அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ரொட்டிக்கடை இருந்தது. கடிகாரக்காரர் இருந்தார், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு. எல்லாம் அவள் விரலால் நடந்த அதே இடத்தில் அப்படியே இருந்தன. அதுவே அவளுக்குக் கோபத்தைக் கிளப்பியது. ரொட்டிக்காரன் இரண்டு பேருக்கா என்று கேட்டபோது, "ஒண்ணு போதும்," என்றாள். புத்தகக்கடையில் ஒரு பழைய நிலப்படத்தைப் புரட்டிப் பார்த்தாள். அவன் இருந்திருந்தால் அந்தக் கடையின் பரணுக்குப் போகிற ஏணியைத்தான் பார்த்திருப்பான், ஆட்டிப் பார்த்து ஆணி தளர்ந்திருக்கிறது என்றிருப்பான். நினைத்ததும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் ஆள் இல்லாததால் அது பாதியில் நின்றுவிட்டது. பாலத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றாள். இளம் ஜோடிகள், நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள், கைகோத்தபடி வந்த வயதான இருவர் என்று யார் யாரோ அவளைக் கடந்து போனார்கள். ஒவ்வொருவருக்கும் வழி விட்டு ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் பாலத்தின் மறுமுனைக்கே வந்துவிட்டாள்.

பெஞ்சில் யாரும் இல்லை. உட்கார்ந்து பக்கத்தில் கைப்பையை வைத்தாள், யாருக்கோ இடம் பிடிப்பதுபோல். அவன் இப்போது வருவான், தேடிக்கொண்டு வந்துவிடுவான் என்று பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வைத்திருந்த வாக்கியத்தை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'எனக்கு ஒரு வேலை வந்திருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?' அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் ரயிலேறி இவ்வளவு தூரம் வந்திருந்தாள். மரநிழல் அவள் மடியைத் தாண்டி, கைப்பையையும் தாண்டிப் போனது. பசித்தது. ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். சட்டென்று அழுகை வந்தது. அது துக்கத்தினால் வந்ததா கோபத்தினால் வந்ததா என்று பிரித்துப் பார்க்கிற பொறுமை அப்போது அவளுக்கு இல்லை. போனை எடுத்தாள்.

அவனுக்கு அடித்துப் பிரயோசனமில்லை. அவன் போனை அணைக்கச் சொன்னதே அவள்தானே. முதலாளியம்மாவைக் கூப்பிட்டாள்.

"நான் போறேங்க."

"அடடே! திங்கக்கிழமைதானே சொல்லச் சொன்னேன். வீட்ல பேசியாச்சா?"

"பேசியாச்சு."

"என்ன சொன்னாரு?"

"போகச் சொல்லிட்டாரு."

"நல்ல மனுஷன். அப்ப முன்னாடி இருக்கிறவளுக்கு இல்லைன்னு சொல்லிடறேன், பாவம், ஆசையா இருந்தா. அங்க இடத்துக்கும் பேசி முடிச்சுடறேன். பின்னாடி மாறக் கூடாது, சரியா?"

"மாற மாட்டேன்."

போனை வைத்ததும் நெஞ்சு லேசானது. கோபத்தில் செய்கிற காரியத்துக்கு அந்தச் சுகம் உண்டு; கொஞ்ச நேரம்தான் இருக்கும். எழுந்து இரண்டடி நடப்பதற்குள் அது போய்விட்டது. 'போகச் சொல்லிட்டாரு' என்று அவள் சொன்னது பொய். அவன் வாயில் அவளே வைத்த வார்த்தை. அவன் எதைச் சொல்லிவிடுவானோ என்று பயந்தாளோ, அதை அவனுக்குப் பதில் தானே சொல்லி முடித்துவிட்டாள்.

சாயங்காலம் அறைக்கு வந்தபோது அவன் கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் கறுப்பு போகவில்லை. முகம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"முடிஞ்சுது! உருளையை மாத்தி, தண்டவாளத்தைத் தொடச்சு, கதவையும் சரி பண்ணிட்டேன். இப்பக் கை பட்டா உடனே பின்வாங்கிடும். வா, ஒரு தடவை ஏறி இறங்கிப் பாக்கலாம்."

அவளை லிஃப்டில் ஏறி இறங்கக் கூப்பிட்டான். அவனுக்குத் தெரிந்த உலாவல் அது. வேறொரு நாளாக இருந்தால் அதுவும் ஒரு வேடிக்கை என்று போயிருப்பாள்.

"கால் வலிக்குது. படுக்கறேன்."

"ரொம்ப நடந்துட்டியா?"

"ரொம்ப இல்ல."

அவன் கையைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஜன்னலோர நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தான். மற்றொன்று சும்மா கிடந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து, தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கண் விழித்தபோது படுக்கையில் அவன் இல்லை. சரி, மறுபடி லிஃப்டுக்குப் போய்விட்டான் என்று நினைத்தாள். கதவைத் திறந்துகொண்டு இரண்டு கோப்பை தேநீரோடு வந்தான். வழக்கமாக வேலைக்குப் போடுகிற சட்டை இல்லை. மகள் வாங்கிக்கொடுத்த நீலச் சட்டை. தலையைப் படிய வாரியிருந்தான்.

"எந்திரி எந்திரி. கீழ அந்தம்மாகிட்ட வழியெல்லாம் கேட்டு வச்சிருக்கேன். நல்ல ரொட்டிக்கடை ஒண்ணு இருக்காம். அதைத் தாண்டிப் போனா ஒரு பாலம் வருமாம். இன்னைக்கு உன்னை நான் கூட்டிட்டுப் போறேன்."

அவள் தேநீரை வாங்கிக்கொண்டு, "அப்படியா," என்றாள்.

தெருவில் அவளுக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு நடந்தான். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, இந்தப் பக்கம்தான் என்று கையைக் காட்டினான். அவளும் முதல் தடவை பார்க்கிறவள்போல் அண்ணாந்து பார்த்தாள். ரொட்டிக்காரன்தான் காரியத்தைக் கெடுத்தான். "நேத்து ஒண்ணு போதும்னீங்க, இன்னைக்கு ரெண்டா?" என்று வெள்ளந்தியாகச் சிரித்தான். கணவன் அவளைப் பார்த்தான். கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தான். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்ததும் கேட்டான்.

"நேத்தே எல்லாத்தையும் பாத்துட்டியா?"

"கொஞ்சம்."

"தனியாவா?"

அவன் காதுமடலைத் தேய்த்துக்கொண்டான். தப்புச் செய்துவிட்டால் அப்படித்தான் செய்வான்.

"சரி, அப்ப நீயே கூட்டிட்டுப் போ. எனக்கு எல்லாம் புதுசுதானே."

அந்தக் காலை அவள் திட்டம் போட்ட காலையேதான். இன்னும் சொல்லப்போனால் அதைவிட நன்றாக இருந்தது. கடிகாரக்காரரோடு பேச்சுக் கொடுத்து, அவர் கடையில் மட்டும் ஏன் ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டுகிறது என்று கேட்டு அவரையே சிரிக்க வைத்தான். புத்தகக்கடையில் ஏணியை ஆட்டிப் பார்த்தான். "ஆணி லூசு," என்று அவள் காதில் மட்டும் சொன்னான். கை தோல்பையைத் தேடியது. அதை அறையிலேயே விட்டு வந்திருந்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். எவ்வளவு நாளைக்குப் பிறகு என்று அவளுக்கே தெரியவில்லை. பாலத்தில் எதிரே ஆள் வந்தபோது அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஆள் போன பிறகும் கையை எடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் மனசு குளிர்ந்தது, உடனே சுருக்கென்றது. நேற்று ஒரு நாள் பொறுத்திருந்தால், வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அந்தப் போனை மட்டும் எடுக்காமல் இருந்திருந்தால்.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கைப்பை இருந்த இடத்தில் இன்று அவன் இருந்தான். ரொட்டியைப் பிட்டுப் பாதியை அவளுக்குக் கொடுத்தான். வாய்க்காலைப் பார்த்தபடியே பேசினான்.

"பொண்ணு போனப்புறம் வீட்டுக்குள்ள வந்தா ஒரு மாதிரி இருக்கு."

"ம்."

"கூப்பிடாத எடத்துக்கெல்லாம் போறேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நீ தூங்கினப்புறம் வந்தா பேச வேண்டியதில்ல. அதான். கோவமெல்லாம் இல்ல. என்ன பேசறதுன்னு... பேச ஆரம்பிச்சு, ஒண்ணுமே இல்லைன்னு ஆயிட்டா என்ன பண்றதுன்னு ஒரு பயம்."

அவள் ரொட்டியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"நேத்து மேல உக்காந்து வேலை பாத்துட்டிருக்கறப்பதான் தோணிச்சு. நீ எனக்காக ஒரு ஊரையே தேடி எடுத்துக் கூட்டிட்டு வந்திருக்க, நான் இங்க வந்தும் ஒரு பொந்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன். எறங்கி ஓடி வரணும்னு தோணிச்சு. பாதியில விட்டா அந்தம்மா எப்படி ஏறும்? முடிச்சுட்டு வந்தேன், நீ படுத்துட்ட." மடியில் விழுந்த ரொட்டித்தூளைத் தட்டிவிட்டான். "மாசம் ஒரு தடவை இங்க வந்துடலாமா? போன், பை எதுவும் வேணாம். சும்மா நடக்க."

இதைவிடச் சரியான நேரம் கிடையாது. இடமும் இதேதான். ஆனால் அவள் பத்திரமாகச் சுமந்து வந்த அந்த வாக்கியம் இப்போது அந்த இடத்தில் உட்காரவில்லை. அது ஒரு கேள்வியாக இருந்தது. நேற்று இதே பெஞ்சில் வைத்து அவளே அதை வெறும் தகவலாக மாற்றிவிட்டாள். 'நீங்க என்ன சொல்றீங்க' என்று இனி யாரைக் கேட்பது? கேட்டால் அவன் மனசார ஒரு பதில் சொல்வான். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? மாற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. அங்கே ஒருத்திக்கு இல்லை என்று சொல்லியாயிற்று. மாறினால் முதலாளியம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? போனால் இவன் முகத்தில்? அதோடு, இதை ஒப்புக்கொள்ள அவளுக்கே வெட்கமாக இருந்தது, போக வேண்டும் என்ற ஆசையும் இன்னும் உள்ளே ஒரு மூலையில் இருக்கத்தான் செய்தது. அந்தப் பட்டறையை அவள் மனசுக்குள் ஏற்கெனவே ஒழுங்குபடுத்தத் தொடங்கியிருந்தாள். ஜன்னல் பக்கம் எந்த மேசை என்பதுவரை.

"வரலாம்," என்றாள். வாய் அதைச் சொல்லிவிட்டது. அவன் சந்தோஷமாக மீதி ரொட்டியைத் தின்றான்.

அறையைக் காலி செய்கிற நேரம் வந்தது. அவன் பெட்டியை எடுத்துக்கொண்டான். தோல்பையை அவள் எடுத்துக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அது சரியான பிறகு அவள் லிஃப்டில் ஏறுவது இதுதான் முதல் தடவை; அதுவரை படியில்தான் போய் வந்திருந்தாள். உள்ளே நுழையும்போதே முடிவு செய்துவிட்டாள். ரயிலில் ஆட்கள் இருப்பார்கள். வீட்டுக்குப் போனால் சமையலறை வந்துவிடும். இங்கேதான் சொல்ல வேண்டும். இரண்டாவது மாடிக்கு மேலே அது ஒரு நிமிஷம் குலுங்கி நிற்கும், அந்த நிறுத்தம் வரும்போது சொல்லிவிடலாம் என்று மனசு தன்னிஷ்டத்துக்குக் கணக்குப் போட்டது. கதவு மூடியது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"எங்க முதலாளியம்மா வேற ஊர்ல..."

அதற்குமேல் அந்த நிறுத்தத்துக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. குலுக்கல் இல்லை, முனகல் இல்லை, விளக்கு மங்கவில்லை. லிஃப்ட் ஒரே இழுப்பில் இறங்கித் தரையில் பதமாக உட்கார்ந்தது. கதவு திறந்தது. மேசைக்குப் பின்னால் அந்த அம்மாள் யாரிடமோ போனில் பேசிக்கொண்டே இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள்.

"பாத்தியா?" அவன் முகமெல்லாம் சிரிப்பு. "எப்ப நகர்ந்துச்சு, எப்ப நின்னுச்சுன்னே தெரியல."

பெட்டியை வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பினான். அவள் இன்னும் உள்ளேயே நின்றிருந்தாள், தோல்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது. தலையைக் கொஞ்சம் சாய்த்து அவளைப் பார்த்தான்.

"என்ன சொல்ல வந்த? முதலாளியம்மாவுக்கு என்ன?"

ஒண்ணுமில்லை என்கிற சொல் எப்போதும்போல் முந்திக்கொண்டு வந்தது. இந்தத் தடவை அவள் அதை வெளியே விடவில்லை. இருவருக்கும் நடுவில் லிஃப்ட் கதவு மூடத் தொடங்கியது. அவன் அவசரமில்லாமல் கையை நீட்டினான். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது. கதவு வந்து அவன் உள்ளங்கையில் பட்டதும் பின்வாங்கியது.

"சொல்லும்மா. நான் இங்கதான் இருக்கேன்."

கதவு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு மறுபடி மெல்ல வந்தது. அவன் கையை எடுக்கவில்லை.